ஸ்குவாண்டரர்: 2800 மீற்றரிலும் தளராத குதிரை

கொழும்பில் ரீட் அவென்யூ வழியாகப் போனால் பழைய ரேஸ்கோர்ஸ் பார்வையாளர் மண்டபம் கண்ணில் படும். 1893இல் திறக்கப்பட்ட திடல் அது. இப்போது அங்கே றக்பி விளையாடுகிறார்கள். குதிரை ஓடுவதைப் பார்க்க ஏப்ரலில் நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும்.

குதிரைப் பந்தயம், அதிலும் நீண்ட தூரக் குதிரை என்றதும் என் மனதில் முதலில் ஓடி வருவது இந்தியாவின் ஸ்குவாண்டரர். பயிற்றுநர் ரஷீத் பைராம்ஜி. ஓடிய பந்தயங்கள் 19, வென்றவை 18! 1970களில், மூன்று பந்தயங்களையும் வென்றால் கிடைக்கும் இந்திய மும்முடியையும் வென்றது. மும்பை மகாலக்ஷ்மியில் 1600 மீற்றர், அங்கேயே இந்தியன் டெர்பி 2400 மீற்றர், புனேயில் சென் லெஜர் 2800 மீற்றர். மூன்றிலும் ஒரே குதிரை.

இது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? 1600இல் பறக்கிற குதிரைக்கு 2800இல் மூச்சு வாங்கிவிடும். குதிரையால் வாயால் சுவாசிக்க முடியாது, மூக்கால் மட்டுமே. முழு வேகப் பாய்ச்சலில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சுத்தான். ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கிறது. ஒட்சிசன் தசைகளுக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்கிறது. அப்படியிருந்தும் குறுந்தூர வேகமும் நெடுந்தூரத் தாக்குப்பிடிப்பும் ஒரே உடலில் சேர்ந்து வருவது மிக அரிது. ஸ்குவாண்டரருக்கு இரண்டும் வாய்த்திருந்தன.