சிக்மாவா, டாம்ரானா? – நான் லென்ஸ் வாங்கிய கதை

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

நம் ஆண்டு மலரில் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. லீவு நாட்களில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஹெல்ப்பராகப் போய்க் கல்யாண போட்டோ எடுக்கிறேன். நம்மில் இப்படிப் போகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். கேமராவோடு வந்த லென்ஸ் போதவில்லை, அடுத்து எதை வாங்குவது என்று உங்களுக்கும் ஒருநாள் குழப்பம் வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழசாக வாங்கிய சோனி ஏ6400. அதோடு வந்தது 16-50 கிட் லென்ஸ். பகலில் குறை சொல்ல முடியாது. போன வருடம் ஒரு நிச்சயதார்த்தத்தில்தான் மானம் போனது. ராத்திரி நேரம், மண்டபத்தில் பாதி லைட் எரியவில்லை. நான் எடுத்தது 340 படம். ஆல்பத்துக்குத் தேறியது 11. "தம்பி, பாட்டி ஆசீர்வாதம் பண்ற படத்துல பாட்டி மொகத்தையே காணோமே" என்றார் ஸ்டுடியோ அண்ணன். திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வேறு லென்ஸ் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். "ஏங்கண்ணு, பொட்டியோடவே ஒரு கண்ணாடி வந்துச்சல்ல, அது ஆவாதா?" என்று அம்மா கேட்டார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் எதையும் விளக்கிச் சொல்லும் பொறுப்பும் என்னுடையதே. அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் வட்ட வாசல்தான் அப்பர்ச்சர். லென்ஸின் எம்.எம். அளவை எஃப் எண்ணால் வகுத்தால், முன்னாலிருந்து பார்க்கும்போது அந்த வாசல் தெரியும் அளவு கிடைக்கும். கிட் லென்ஸ் 50 எம்.எம்.மில் எஃப் 5.6. அதாவது சுமார் 9 எம்.எம். வாசல். அதே 50-ல் எஃப் 2.8 என்றால் சுமார் 18 எம்.எம். விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. முதலாமாண்டு கணிதம்தான்! ஐ.எஸ்.ஓ. 6400 வைத்துப் புள்ளி புள்ளியாக வந்த படம், அதே ஷட்டர் வேகத்தில் 1600-லேயே வரும். "ஜன்னல பெருசாக்கற மாதிரியா?" என்றார் அம்மா. சரியாகச் சொன்னார்.

ஜூம் முழுவதும் எஃப் 2.8 நிற்கும் லென்ஸ், சோனி கம்பெனியே 16-55 என்று ஒன்று போடுகிறது. விலை கேட்டேன், போனை வைத்துவிட்டேன். மிச்சம் நின்றவை இரண்டு: சிக்மா 18-50, டாம்ரான் 17-70. இரண்டும் 2021-ல் கடைக்கு வந்தவை. வேறு கம்பெனி லென்ஸ் என்றாலே நம் ஊரில் 'டூப்ளிகேட்' என்று நினைக்கிறார்கள். அது தவறு. டாம்ரான் 1950-லும் சிக்மா 1961-லும் ஜப்பானில் தொடங்கியவை. சோனியும் தன் இ-மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. அதனால் அடாப்டர் எதுவும் இல்லாமல் நேராக மாட்டலாம், ஆட்டோ போகஸும் ஓடும்.

சிக்மா 290 கிராம்தான். விலையும் குறைவு. 18-ல் வைத்துக்கொண்டு 12 செ.மீ. வரை கிட்டே போகலாம், மோதிரம், தாலி எடுக்க அருமை. டாம்ரான் 525 கிராம். 403 கிராம் கேமராவில் மாட்டினால் முன்பக்கம் தொங்கும். ஆனால் 70 வரை நீளும், கை நடுக்கத்தைத் தாங்கும் வி.சி. உண்டு. ஏ6400 பாடியில் அந்த வசதி கிடையாது, சிக்மாவிலும் கிடையாது. அதனால் நடுக்கத்துக்கு வி.சி.தான் மருந்து என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நம்பியதைச் சோதிக்க வேண்டாமா? டாம்ரானை ஒருநாள் வாடகைக்கு எடுத்தேன். சிக்மா ஸ்டுடியோ அண்ணனிடமே இருந்தது. அப்பா நைட் ஷிப்ட் ஓட்டும் விசைத்தறிப் பட்டறைக்கு இரண்டையும் கொண்டுபோனேன். மண்டபத்தைவிட அங்கே வெளிச்சம் மோசம். 50 எம்.எம்., ஷட்டர் 1/15. டாம்ரானில் சுவர்க் காலண்டரின் தேதி பளிச்சென்று படிக்க முடிந்தது. சிக்மாவில் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஆனால் அறுந்த நூலை முடிச்சுப் போடும் அப்பாவின் கை? இரண்டு படத்திலும் வெறும் புகை! வி.சி. என் கையைத்தான் நிறுத்தும், அப்பாவின் கையை நிறுத்தாது. 1/250 வைத்ததும் இரண்டு லென்ஸிலும் விரல்கள் தனித்தனியாக வந்தன. எனக்குப் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

ஆக, பாட்டியின் முகத்தைக் கெடுத்தது மெதுவான ஷட்டர். அதற்கு மருந்து எஃப் 2.8. அது இரண்டிலும் இருக்கிறது. ஸ்டில் போட்டோ மட்டும் எடுப்பவர் வி.சி.க்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கையில் பிடித்து வீடியோ எடுப்பவருக்குக் கதை வேறு. நடுக்கம் அங்கே நன்றாகவே தெரியும்.

பிறகு பழைய 340 படங்களையும் கம்ப்யூட்டரில் திறந்து, எந்த எம்.எம்.மில் எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் 50-ல் முட்டிக்கொண்டு நின்றவை. காரணம் உங்களுக்கே தெரியும். மேடையில் மெயின் போட்டோகிராபர், அவர் பக்கத்தில் வீடியோக்காரர். ஹெல்ப்பருக்குக் கீழேதான் இடம். "ரெண்டு அடி முன்னால போய் எடு" என்று சொல்வது சுலபம், போனால் வீடியோவில் என் முதுகுதான் விழும். மேடையில் நிற்பவருக்கு 50 போதும். எனக்கு 70 வேண்டும்.

அதனால் டாம்ரானையே தேடினேன். புதிது கட்டுப்படியாகவில்லை, பழசில் ஒன்று ஈரோட்டில் கிடைத்தது. பழசு வாங்குவோர் கவனிக்க: செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல ஏதாவது தெரிந்தால் பங்கஸ், கையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஜூம் வளையம் எங்காவது சிக்குகிறதா, முன் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கேமராவில் மாட்டி, 17-லும் 70-லும் நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விற்றவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்!

என் சேமிப்பு போக, மீதிப் பணம் அம்மா மகளிர் குழுவில் வாங்கித் தந்த கடன். பத்துத் தவணையில் ஐந்து கட்டிவிட்டேன். லென்ஸ் இப்போது அம்மாவின் பழைய பருப்பு டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு இருக்கிறது. மாட்டிப் பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் மதியம் மெஷின் ஷாப் பக்கம் வாருங்கள். கையில் கிரீஸ் இல்லாமல் வரவும்.