நமக்காகப் பேசும் செல்போன்

சூரத், மும்பை, பெங்களூரு என்று பல ஊர்களுக்கு மக்கள் பிழைப்புக்காகப் போகிறார்கள். எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் நிறைய எண்கள் இருக்கின்றன. ஆனால் ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது? அந்தச் செல்போனைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஒரு கட்டடத் தொழிலாளி சாரத்திலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நினைவு இல்லை. கூட இருப்பவருக்கு அவருடைய பெயர் மட்டும்தான் தெரியும். செல்போனை எடுத்துப் பார்க்கிறார். பூட்டியிருக்கிறது. மருத்துவமனையில் டாக்டர் கேட்கிறார்: “இவருக்குச் சர்க்கரை நோய் உண்டா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?” பதில் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர் இதைச் சொன்னார். வேண்டியவர் பெயருக்கு முன்னால் ‘ஐ.சி.இ.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். ‘ஆபத்து நேரத்தில்’ என்பது அதன் பொருள். ‘ஐ.சி.இ. மனைவி’, ‘ஐ.சி.இ. அண்ணன்’ என்று பதியலாம். வெளி மாநிலத்தில் இருப்பவர்கள் ஆங்கில எழுத்தில் பதிவது நல்லது. எடுத்துப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் அல்லவா?

இரண்டு எண்கள் பதியுங்கள். ஒன்று வீட்டாருடையது. மற்றொன்று வேலை செய்யும் ஊரிலேயே இருப்பவருடையது. அவர் அந்த ஊர் மொழி தெரிந்தவராக இருந்தால் நல்லது.

பட்டன் செல்போனைப் பூட்டாமல் வைத்திருந்தால் இதுவே போதும். ஸ்மார்ட்போன் பூட்டியிருக்குமே, என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. பல போன்களில் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘எமர்ஜென்சி’ என்ற இடம் உண்டு. அங்கே பெயர், இரத்த வகை, நோய், சாப்பிடும் மருந்து, வேண்டியவர் எண் ஆகியவற்றை எழுதலாம். பூட்டியிருக்கும்போதும் இவை தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு பூட்டிய திரையில் ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லைத் தொட்டு இவற்றைப் பார்க்கலாம். வங்கிக் கணக்கு எண்ணையும், ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் அங்கே எழுதவே கூடாது.

உதவிக்கு அழைக்கும் எண் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இந்த ஓர் எண் போதும். பூட்டிய செல்போனிலிருந்தும் இதற்குப் பேசலாம்.

செல்போனில் சார்ஜ் தீர்ந்து போகலாம். விழுந்து உடையலாம். ஆகவே இதே விவரங்களை ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிச் சட்டைப் பையிலோ பர்சிலோ வையுங்கள். எண் மாறினால் இரண்டிலும் திருத்துங்கள்.

எழுதப் பழகிய கை இதை எழுத யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எழுதிப் பாருங்கள்:
1. என் பெயர்
2. என் இரத்த வகை
3. எனக்குள்ள நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து
4. வீட்டார் எண்
5. பக்கத்தில் இருப்பவர் எண்