இசைத்தட்டுக்கு ஏற்ற உறை எது?

எங்கள் வீட்டில் தாத்தா சேர்த்து வைத்த எல்.பி. இசைத்தட்டுகள் சில உள்ளன. அவற்றின் காகித உறைகள் நைந்துவிட்டதால், பளபளப்பான, மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளை வாங்கிப் போட்டேன். இரண்டு கோடை கழிந்து எடுத்துப் பார்த்தால், தட்டுகளின் மேல் மங்கலான ஒரு படலம்! துடைத்தும் போகவில்லை. பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கேட்டது. காக்க வேண்டிய உறையே கெடுத்தது எப்படி?

1948இல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்கிறது. 20 நிமிடம் ஒலிக்கும் ஒரு பக்கத்தில் சுமார் 667 சுற்றுகள். சராசரி ஆரம் 10 செ.மீ. எனக் கொண்டால், ஊசி செல்லும் வரிப்பள்ளத்தின் நீளம் 400 மீட்டருக்கு மேல்! அகலமோ ஏறத்தாழ 0.05 மி.மீ. தான். இதில் சிறு துகள் தங்கினாலும் ஊசி தடுமாறும். ‘டப்’ என்ற ஓசை எழும்.

இத்தட்டின் முதன்மைப் பொருள் பாலிவினைல் குளோரைடு. நான் வாங்கிய உறையும் அதே பொருள்தான்! ஆனால் இப்பொருள் இயல்பில் விறைப்பானது. உறைக்காக அதை மென்மையாக்க, எண்ணெய் போன்ற இளக்கிகளைச் சேர்க்கிறார்கள். இவை நீண்ட மூலக்கூறுகளுடன் வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. இடையே தங்கியிருக்கின்றன, அவ்வளவே. முறுக்கின் எண்ணெய் பொட்டலக் காகிதத்தில் ஊறுவதுபோல, இளக்கி உறையிலிருந்து தட்டுக்குள் மெல்ல விரவுகிறது. வெப்பம் மிகுந்தால் விரவல் விரைவாகும்.

அப்படியானால் காகிதமே போதாதா? காகிதத்தில் உராயும்போது தட்டு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. தட்டு மின்கடத்தாப் பொருளாதலால் மின்னூட்டம் எளிதில் நீங்காது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதுபோல, தட்டு தூசியை இழுக்கிறது. தூசியிலுள்ள மணல் துகள் தட்டைவிடக் கடினமானது. எனவே கீறல் விழுகிறது. காகிதமும் தன் நார்த்துகள்களை உதிர்க்கும்.

தட்டைத் தொடும் உள்ளுறைக்குப் பாலிஎத்திலீனே ஏற்றது. இதற்கு இளக்கி தேவையில்லை, வழவழப்பானது, காகிதத்தைவிடக் குறைந்த மின்னூட்டமே உண்டாக்கும். அட்டைக்கு மேலிடும் வெளியுறை பாலிஎத்திலீனாகவோ பாலிபுரோப்பிலீனாகவோ இருக்கலாம்.

கடையில் தரும் உறை எது என்று எப்படி அறிவது? ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் கலந்த நீரில் அமிழ்த்தி, காற்றுக் குமிழிகளை நீக்கி விட்டுவிடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை; மேலே வந்து மிதக்கும். பாலிவினைல் குளோரைடு மூழ்கிவிடும். மெத்தென்றிருந்து மூழ்கும் உறையைத் தட்டில் படவிடாதீர்கள்.

உள்ளுறையின் வாய், அட்டையின் வாய்க்கு நேராக அமையாதபடி செருகுங்கள். தூசி நேரே புகாது. தட்டுகளை வெயில் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு வாளி நீரும் ஐந்து நிமிடமும் போதும். அன்றே நான் இதைச் செய்திருந்தால், தாத்தாவின் தட்டுகள் பிழைத்திருக்கும்.