மலைக்குச் சரக்கு அனுப்புவோர் கவனத்திற்கு

கீரிப்பாறை, கோதையாறு பக்கத்துத் தோட்டக் கடைகளுக்குக் கோட்டாறு கம்போளத்திலிருந்து அரிசி, பலசரக்கு எல்லாம் ஜீப்பிலும் சரக்கு வேனிலும்தான் ஏறுகின்றன. சில வருடங்களுக்கு முன் நமது சரக்கு ஏற்றிய வேன் மழைச் சேற்றில் வழுக்கிச் சரிந்தது. மூடை மேல் ஓசியில் வந்த தொழிலாளிக்குக் கால் முறிந்தது. இன்சூரன்ஸ் பணம் கிடைக்கவில்லை. ஒரு நடை மிச்சமென்று நாலு மூடை கூடுதலாக ஏற்றச் சொன்னது நாம்தான்.

வியாபாரிகள் அறிய வேண்டியவை: 1994 திருத்தப்படி, சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளருக்கோ அவரது பிரதிநிதிக்கோதான் இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு, ஓசியில் ஏறியவருக்கு இல்லை. ஆகவே கூடப் போகிறவர் பில்லைக் கையில் வைத்திருக்கட்டும். அதிக பாரத்திற்கு 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் ரூ.20,000, கூடுதல் டன் ஒன்றுக்கு மேலும் ரூ.2,000. ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ஓட்டச் செய்தவருக்கும் இது பொருந்தும். 2008இல் வன உயிரினச் சரணாலயமான காட்டில், பொதுச்சாலையை விட்டு அனுமதியின்றி வண்டியை இறக்கக் கூடாது.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடக் கூடாது. மழையானால் சரக்கு மறுநாள் போகட்டும். கடைக்காரர் ஒருநாள் பொறுப்பார். போன கால் திரும்பாது.