டிஸ்கிரிமினேஷன் என்றால் என்ன?

போன பயிற்சியில் ஒரு அக்கா கேட்டாங்க: "டிஸ்கிரிமினேஷன், டிஸ்கிரிமினேஷன்னு சொல்றீங்களே, அநியாயம்னு சொன்னா போதாதா?"

நல்ல கேள்வி. அநியாயத்துக்கு ஆங்கிலத்தில் 'இன்ஜஸ்டிஸ்' என்பார்கள். டிஸ்கிரிமினேஷன் அதில் ஒரு வகை, தமிழில் பாகுபாடு. அதன் லத்தீன் வேருக்குப் பிரித்தறிவது என்றுதான் பொருள். முறத்தில் அரிசியையும் கல்லையும் பிரிப்பதில் தப்பே இல்லை. மனுஷங்களைப் பிரித்து ஒருத்தருக்குக் குறைத்துக் கொடுப்பதுதான் தப்பு.

எல்லோருக்கும் கூலி பாக்கி வைத்தால் அது அநியாயம். ஒரே கடலை பறிப்பு, ஒரே நேரம், ஆம்பளைக்கு ஒரு கூலி, நமக்குக் குறைச்சல் என்றால் அது பாகுபாடு. "வழக்கம்தானே" என்று நாமே விட்டுவிடுகிறோம். (எங்க வீட்டிலும் தம்பிக்குத்தான் முதல் முட்டை!)

சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15-வது பிரிவு. சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்தது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. அதனால் மனுவில் "அநியாயம் நடக்குது" என்று மட்டும் எழுதாதீங்க. "பெண் என்பதால் கூலி குறைத்தார்கள்" என்று காரணத்தைச் சொல்லி, என்ன வேலை, எந்தத் தேதி, அவருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று எழுதுங்க.