கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தும் மின்சாரம் பெரும்பாலும் சாயங்காலம்தான் வருகிறது. ஐப்பசியில் மலைப்பக்கம் இடி இறங்கினால் அறிவிப்பே இல்லாமல் போகும். திரும்ப வந்ததும் பால்கோவா கடையில் பில் போடும் கம்ப்யூட்டரையோ, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரையோ ஆன் செய்தால் மூச்சே இல்லை. பதறிப்போய் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

முதலில் அறையின் லைட்டைப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகிறதா, ஃபேன் வெறிபிடித்துச் சுற்றுகிறதா? தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்குள் 400 வரை ஏறிவிடும். உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள்.

லைட் சரியாக இருந்தால் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். பல நேரம் இதிலேயே எழுந்துவிடும். திரையில் பழைய வருஷத் தேதியைக் காட்டி நின்றால், மதர்போர்டில் காசு போலப் பதிந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை அதன் பலவீனம் தெரியாது, போன அன்றுதான் காட்டிக்கொடுக்கும். எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்பதையும் மெஷின் மறந்திருக்கும். கடையில் சிஆர்2032 என்று கேட்டால் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்.

தீய்ந்த வாடை வந்தால், கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் போயிருக்கும். அதை நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தமிட்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் கணக்கும் குழந்தைகள் போட்டோவும் அழியக்கூடும். ரிப்பேருக்குக் கொடுக்கையில், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து வீட்டில் டிவியும் ஃபிரிட்ஜும் எரிந்திருந்தால் அது உங்கள் தலைவிதி அல்ல. எரிந்த எஸ்எம்பிஎஸ்ஸை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் வாங்கி வையுங்கள். ஹை வோல்டேஜால் போனது என்றால் அதை அவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். சர்வீஸ் நம்பர், தேதி, நேரம் போட்டு, பக்கத்து வீட்டாரையும் சேர்த்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நஷ்டஈடு தானாக வராது; மின்வாரியத்தின் குறைபாட்டை நாம்தான் நிரூபிக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை காகிதம்.

பதில் இல்லையென்றால் 2003 மின்சாரச் சட்டப்படி மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையமோ ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம்.