தோற்காத அணிக்கு ஐந்தாம் இடம்

அமெரிக்க உதைபந்தாட்டம், பெயர் அவ்வாறாயினும், பெரும்பாலும் பந்தைக் கையிலேந்தி ஆடப்படுவது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உயர் பிரிவில் 130க்கு மேற்பட்ட அணிகள் உள்ளன. ஓரணி ஒரு பருவத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆட்டங்களே ஆடும்; எல்லா அணிகளும் ஒன்றையொன்று எதிர்த்தல் இயலாது. மோதாத அணிகளுள் சிறந்தது எது? 1936 முதல் செய்தியாளரின் வாக்குகளும், 2014 முதல் ஒரு தெரிவுக் குழுவும் இதற்கு விடை கூறி வருகின்றன.

2023இல் அவ்விடை பெருஞ்சர்ச்சையை எழுப்பியது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 13 ஆட்டங்களிலும் வென்றும் ஐந்தாம் இடமே பெற்றது. முதல் நான்கு அணிகளே கிண்ணத்துக்காக மோதலாம். நான்காம் இடம், ஒருமுறை தோற்ற அலபாமாவுக்குச் சென்றது. அலபாமா வலிமைமிக்க ஜோர்ஜியாவை வென்றிருந்தது. புளோரிடாவின் ஆட்டத்தை நெறிப்படுத்திய வீரரோ காயமுற்றிருந்தார்.

தரவரிசை, செய்த சாதனைக்குப் பரிசா? இனிக் காட்டக்கூடிய வலிமையின் மதிப்பீடா? முன்னதாயின் புளோரிடாவுக்கு அநீதி. பின்னதாயின் குழுவின் தீர்ப்புக்கு நியாயமுண்டு. பின்னர் புளோரிடா ஜோர்ஜியாவிடம் 63க்கு 3 எனத் தோற்றது. அதையே சான்றென்றனர் சிலர். ஆயின் அவ்வாட்டத்தில் அணியின் முன்னணி வீரர் பலர் களமிறங்கவில்லை.

2024இல் இடங்கள் பன்னிரண்டாயின. அவற்றுட் சிலவற்றை இன்றும் குழுவின் மதிப்பீடே நிரப்புகின்றது. இடங்கள் பெருகலாம், கடைசி இடத்தை இழந்து வெளியே நிற்கும் அணியின் வினா மட்டும் மாறுவதில்லை.